நெற்றியெழுத்தும் கைதுப் பதிவேடும்

கைது என்பது வேறு; குற்றம் என்பது வேறு. முன்னது ஒரு போலீஸ் உத்தியோகஸ்தரின் செயல்; பின்னது ஒரு நியாயஸ்தலத்தின் முடிவு. இவ்விரண்டிற்கும் இடையே சில நாட்கள் கழியலாம். சில ஆண்டுகளும் கழியலாம். முன்னது நிகழ்ந்து பின்னது நிகழாமலே போதலும் உண்டு. எனினும், தோட்டத்திலாயினும் பட்டணத்திலாயினும், "அவனைப் போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள்" என்ற ஒரு சொல் பரவிய மாத்திரத்தில் நம் மக்களிடையே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. பின்னர் அவன் விடுதலையானான் என்று சொன்னால் அதைக் கேட்க ஒருவருக்கும் செவியில்லை.

ஆதலின் இரண்டு வினாக்கள் எழுகின்றன. யாரை, எங்கே, எக்காரணம் பற்றிக் கைது செய்தனர் என்று சர்க்கார் எழுதி வைக்கும் பதிவேட்டைப் பார்க்கப் பொதுமக்களுக்கு உரிமை உண்டா? உண்டெனின், அப்பதிவேட்டில் ஏறிய மனிதனுக்குத் தன் பெயரைக் காத்துக்கொள்ளும் உரிமை இல்லையா? முதல் வினாவை மட்டும் கேட்பவர் பத்திரிகைக்காரர். இரண்டாவதை மட்டும் கேட்பவர் கைதானவரின் உறவினர். இரண்டையும் ஒருங்கே கேட்க வேண்டியவர் பொதுமக்களாகிய நாம். இவற்றுக்கு விடை காண நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. பினாங்குத் தீவின் சரித்திரமே போதிய பாடம் புகட்டும்.

நெற்றியில் எழுதிய பதிவேடு

1786-ம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் என்பார் பினாங்கில் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கொடியை ஏற்றினார். 1790-ம் ஆண்டு முதல் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் இத்தீவுக்கு வந்து சேரலாயினர். ஜார்ஜ் டவுன் பட்டணத்தின் பழைய சாலைகளிலும் கட்டடங்களிலும் அவர்களுடைய உழைப்பு மறைந்து கிடக்கின்றது. பார்க்குவார் வீதியில் இன்றும் வெண்ணிறத் தூண்களோடு நிற்கும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், 1818-ம் ஆண்டில் கைதிகளின் கையால் கட்டி முடிக்கப்பட்டதே.

அக்காலத்துக் கைதிகளுள் ஆயுள் தண்டனை பெற்றோர் பலருடைய நெற்றியில் பச்சை குத்தப்பட்டிருந்தது. அவர் செய்ததாகத் தீர்ப்பாகிய குற்றம் முதலிய விவரங்களை எழுத்துக்களாகவே பொறித்தனர். வடநாட்டார் இதனைக் 'கோத்னா' என்றனர். வங்காள மாகாணத்திலும் சென்னை மாகாணத்திலும் இது சட்டப்படி நடந்துவந்தது. பம்பாய் மாகாணத்தில் இவ்வழக்கம் இல்லை. 1849-ம் ஆண்டில்தான் இது சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது.

நம்மவர் தலையெழுத்து என்று ஒன்றைச் சொல்லித் தம் துன்பங்களுக்கெல்லாம் அதனையே காரணமாக்குவர். கண்ணுக்குப் புலனாகாத அவ்வெழுத்தை நம்புதல் அறிவுடைமையன்று. ஆனால் கம்பெனியார் எழுதிய தலையெழுத்து கண்ணுக்குப் புலனாயிற்று. ஊசியாலும் மையாலும் எழுதப்பட்டது. தப்பியோடுவோரை எளிதில் கண்டுபிடிப்பதற்கே அது என்று அதிகாரிகள் காரணம் கூறினர். விளைவு அவ்வளவில் நிற்கவில்லை. நன்னடத்தையால் அனுமதிச் சீட்டுப் பெற்று, வண்டியோட்டியும் மாடு வளர்த்தும் இத்தீவில் பிழைக்கத் தொடங்கிய முன்னாள் கைதியும், தலைப்பாகையைப் புருவம் வரை இறக்கிக் கட்டிக்கொண்டு நடமாட வேண்டியதாயிற்று.

இந்நெற்றியெழுத்தில் மூன்று கொடுமைகள் உள்ளன. அது வழியே போகும் எவரும் படிக்கும்படி திறந்து கிடந்தது; அதற்குக் கால எல்லை இல்லை; பின்னர் உண்மை வேறெனத் தெரிந்தாலும் அதனைத் திருத்த வழியில்லை. இம்மூன்றையும் வாசகர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். ஒரு பதிவேடு நேரியதா, கொடியதா என்று அளப்பதற்கு இவை மூன்றுமே அளவுகோல் என்க.

பாளையக்காரர் பெயர்கள்

இனி, இதற்கு நேர் எதிரான ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்போம். 1801-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுடன் கம்பெனியை எதிர்த்தவர்களுள் எஞ்சியோர் எழுபது பேருக்கு மேல், 1802-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குக்கு அனுப்பப்பட்டனர். சின்ன மருதுவின் மகன் துரைசாமியும், சிவகங்கை வேங்கன் பெரிய உடையத் தேவரும் அவர்களுள் அடங்குவர். துரைசாமி அப்பொழுது சிறுவர்.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 1818-ல், கம்பெனிப் படையைச் சேர்ந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலேயர் பினாங்குக்கு வந்தார். அவர் முன்னாளில் சின்ன மருதுவிடம் நட்புக் கொண்டிருந்தவர்; பின்பு அவரை எதிர்த்துப் போரிட்டவரும் அவரே. தம் முன் வந்து நின்ற ஒரு தளர்ந்த மனிதர் இன்னாரென அவருக்குத் தெரியவில்லை. 'துரைசாமி' என்ற பெயரைக் கேட்ட பின்னரே, தாம் அறிந்த அந்தச் சிறுவர்தாம் இவ்வாறு மூப்படைந்து நிற்கிறார் என்று உணர்ந்தார். இச்சந்திப்பை அவர் 1830-ல் வெளியிட்ட தம் நினைவு நூலில் எழுதி வைத்தார்.

இங்கே நெற்றியெழுத்து இல்லை. ஆனால் திறந்த விசாரணையும் இல்லை. எக்குற்றத்திற்காக, எத்தனை ஆண்டுகளுக்கு, யார் தீர்ப்பால் என்று பினாங்கின் தெருவில் ஒருவர் கேட்டிருந்தால் விடை சொல்வார் எவருமிலர். எல்லாம் அதிகாரிகளின் கடிதக் கட்டுகளுக்குள் அடங்கிக் கிடந்தன. அக்கடிதங்கள் அழியாமல் சென்னையிலும் இலண்டனிலும் காக்கப்பட்டு, பிற்காலத்தில் ஆராய்ச்சியாளருக்குத் திறந்துவிடப்பட்டமையால்தான் அம்மனிதர்களின் பெயர்களை இன்று நாம் அறிகிறோம். அன்று கலகக்காரர் பட்டியல் என்று எழுதப்பட்டது இன்று வீரர் பட்டியலாகப் படிக்கப்படுகிறது.

ஆகவே, எல்லாவற்றையும் எக்காலமும் மூடி வைத்தலும் தீர்வாகாது. மூடிய பதிவேட்டினால் முதலில் நன்மையடைபவர் கைதானவர் அல்லர், கைது செய்தவரே. திறந்த நெற்றி ஒரு கொடுமையெனின், பூட்டிய பெட்டி மற்றொரு கொடுமையாகும்.

நியாயஸ்தலம் திறந்த கதை

பினாங்கில் 1806-ம் ஆண்டு முதல் பத்திரிகை வெளிவரலாயிற்று. 1807-ம் ஆண்டு மார்ச்சு 25-ந் தேதி ஆங்கில அரசரின் நீதிப் பட்டயம் இத்தீவுக்கு வழங்கப்பட்டது. அதன்படி இங்கே ஒரு நியாயஸ்தலம் அமைந்தது. முறையான போலீசுக்கும் அதுவே அடிப்படையாயிற்று. மலேசியப் போலீசார் இன்றும் மார்ச்சு 25-ந் தேதியையே தங்கள் தினமாகக் கொண்டாடுகின்றனர். அதற்கு முன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இத்தீவில் நீதி என்பது அதிகாரியின் விருப்பமாகவே இருந்தது. பட்டயம் வந்த பிறகுதான் கைது செய்தவர் ஒருவர், தீர்ப்புச் சொல்பவர் மற்றொருவர் என்ற பிரிவு உறுதிப்பட்டது.

நியாயஸ்தலத்தின் கதவைத் திறந்து வைப்பதன் நோக்கம் யாது? கூண்டில் நிற்பவனை ஊரார் வேடிக்கை பார்ப்பதன்று. நீதிபதியும் போலீசாரும் சாட்சியும் ஊரார் கண் முன்னே தத்தம் கடமையைச் செய்கின்றனரா என்று பார்ப்பதே. இந்நோக்கத்தை மறந்துவிட்டால் திறந்த நியாயஸ்தலம் சந்தைக் கடையாகிவிடும்.

1867-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜார்ஜ் டவுனில் பத்து நாட்கள் பெருங்கலகம் நடந்தது. சீனரின் கீ ஹின் சங்கமும் தோ பே கோங் சங்கமும் மோதின. மலாய்க்காரரும் இந்திய முஸ்லிம்களும் சேர்ந்திருந்த வெள்ளைக் கொடி, செங்கொடிச் சங்கங்கள் ஆளுக்கொரு பக்கம் துணை நின்றன. பலர் கைதாயினர். பின்னர் சர்க்கார் ஒரு விசாரணைக் குழுவை அமைத்து, சாட்சிகளின் வாக்குமூலங்களோடு அதன் அறிக்கையை 1868-ல் வெளியிட்டது. கலகம் எவ்வாறு மூண்டது, சங்கங்கள் எவ்வாறு இயங்கின, அதிகாரிகள் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பவற்றை இன்று நாம் வதந்தியாக அன்றிச் சரித்திரமாக அறிவதற்கு அவ்வறிக்கையே காரணம். ஒரு கலகத்தைப் பற்றிய உண்மை வெளிவருவதால் ஊருக்கு விளையும் நன்மை இத்தகையது.

தோட்டத்தை விட்டு ஓடிய 'குற்றம்'

தீவுக்கு எதிரேயுள்ள செபராங் பிறைக்கு, அந்நாளில் புரவின்ஸ் வெல்லெஸ்லி என்று பெயர். அங்கே கரும்புத் தோட்டங்கள் பரந்திருந்தன. ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்து வந்த நம் முன்னோர் அங்கே வெட்டியும் சுமந்தும் உழைத்தனர். 1884-ம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டம் முதலிய தொழிற் சட்டங்களின்படி, ஒப்பந்தக் கூலி சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போவது வெறும் ஒப்பந்த மீறலன்று. சிறைக்கு உரிய குற்றம். அடி பொறுக்காமலோ நோய் தாங்காமலோ ஓடியவனைப் போலீசார் பிடித்து மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தினர். சிறையிலிருந்து மீண்டதும் அவன் பழைய தோட்டத்திற்கே திரும்ப வேண்டும். இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரும் முறை 1910-ம் ஆண்டில்தான் நிறுத்தப்பட்டது.

இதனைச் சற்று நிதானித்து எண்ணிப் பார்க்க வேண்டும். நம் பாட்டனார் பலருக்கு நிலப் பத்திரம் கிடையாது. பள்ளிக்கூடச் சான்றிதழ் கிடையாது. கடிதம் எழுதவும் தெரியாது. அவர்களைப் பற்றிச் சர்க்கார் எழுதி வைத்தவை கப்பல் பட்டியலில் ஒரு வரி, தோட்டத்துச் செக்ரோலில் ஒரு வரி. ஓடிப் பிடிபட்டிருந்தால் நியாயஸ்தலப் பதிவில் ஒரு வரி. இன்று ஒரு பேரப்பிள்ளை தன் குடும்பத்தின் வேரைத் தேடிப் புறப்பட்டால், அவன் கையில் அகப்படக்கூடிய ஒரே எழுத்து அக்கைதுப் பதிவாகவே இருக்கலாம். அதில் 'குற்றவாளி' என்றிருக்கும். உண்மையில் அவர் செய்தது யாதெனின், பொறுக்க முடியாத இடத்தை விட்டுப் புறப்பட்டதே.

கைதுப் பதிவேடு அக்காலத்துச் சட்டத்தின் குரலிலேயே பேசும். சட்டம் மாறிய பிறகும் பதிவேடு மாறுவதில்லை. ஆகையால் அதனைப் படிப்பவருக்கு அக்காலத்துச் சட்டமும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும். இல்லையேல் படிப்பவரே அநீதி செய்தவராவர்.

குற்றமின்றி ஏறிய பெயர்

இதே காலத்தில் தாய்நாட்டில் நிகழ்ந்தது இதனினும் கொடியது. 1871-ல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ம் ஆண்டில் சென்னை மாகாணத்திற்கும் விரிக்கப்பட்டது. குறிப்பிட்ட சாதியில் பிறந்தவர்களைக் கைரேகை வாங்கிப் பதிவு செய்ய அது இடமளித்தது. ஜனங்கள் இதனை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். 1920-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி மதுரைச் சீமையில் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்து எதிர்த்து நின்றபொழுது போலீசார் சுட்டனர். ஒரு பெண் உள்ளிட்ட பதினாறு பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் இச்சட்டம் நீங்கியது.

கைதுக்குப் பின் குற்றம் என்பது போய், பிறப்பே குற்றம் என்று ஏடு எழுதிய காலம் அது. போலீசார் கையில் மட்டும் இருக்கும் பெயர்ப் பட்டியல் எந்த அளவுக்குப் போகக்கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இன்றைய சட்டம் சொல்வது

சரித்திரத்தை விட்டு இன்றைய நிலைக்கு வருவோம். மலேசிய அரசியல் சட்டத்தின் 5-வது பிரிவு, கைதானவனுக்குக் காரணம் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைக் காண விட வேண்டும், 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும் என்று விதிக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 28ஏ என்னும் பிரிவு, உறவினர் ஒருவருக்குச் செய்தி சொல்லும் உரிமையைத் தருகிறது. அதே சட்டத்தின் 117-வது பிரிவின்படி, 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனைக்குரிய குற்றமாயின் மாஜிஸ்திரேட்டு முதலில் 4 நாட்களுக்கும் பின்பு 3 நாட்களுக்கும் மேல் காவல் தரலாகாது. அதற்கு மேற்பட்ட குற்றமாயின் 7 நாட்கள், பின்பு 7 நாட்கள். ரிமாண்டு வேளையில் கட்டணமின்றி உதவும் வழக்கறிஞர்களைத் தேசிய சட்ட உதவி அறநிறுவனம் 2012-ம் ஆண்டு முதல் அனுப்பி வருகிறது. இவற்றைத் தோட்டத் தோழர்கள் ஒவ்வொருவரும் மனப்பாடமாக அறிந்திருத்தல் நலம்.

பொதுமக்கள் பார்க்கத் தக்கவை எவை? 1964-ம் ஆண்டின் நீதிமன்றச் சட்டம், வழக்கு நடக்கும் மன்றம் பொதுமக்கள் வரத்தக்க திறந்த மன்றமென்று கூறுகிறது. தக்க காரணம் இருப்பின் மூடிய அறையில் நடத்தவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. ஒரு வழக்கிற்கு அடிப்படையான முதல் போலீஸ் ரிப்போர்ட்டு, பொது ஆவணம் என்றும், அதில் நலனுடையவர் அதனைப் பார்க்கலாம் என்றும் 1977-ல் கூட்டரசு நீதிமன்றம் குவாந்தான் வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. ஆனால் 'நலனுடையவர்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வேடிக்கை பார்ப்பவர் நலனுடையவர் அல்லர்.

மூடப்பட்டவை எவை? 2001-ம் ஆண்டின் சிறுவர் சட்டம், வழக்கில் சிக்கிய சிறுவரின் பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகியவற்றைப் பத்திரிகைகள் வெளியிடலாகாது என்று தடுக்கிறது. தண்டனை பெற்றோரின் விவரங்களைப் போலீசார் 1969-ம் ஆண்டின் குற்றவாளிகள் பதிவுச் சட்டப்படி காக்கின்றனர். அவ்வேடு ஊராருக்குத் திறந்ததன்று. வெளிநாடு செல்வோருக்கு வேண்டிய நன்னடத்தைச் சான்றிதழை வெளியுறவு அமைச்சு, உரியவர் விண்ணப்பத்தின் பேரில் வழங்குகிறது.

இதுவரை எல்லாம் ஒழுங்காகவே தோன்றும். ஆனால் இரண்டு பெரிய ஓட்டைகள் உள்ளன. பினாங்கு மாநிலம் தகவல் உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றி, 2015-ம் ஆண்டுத் தொடக்கம் முதல் நடைமுறைப்படுத்தியது. மலேசிய மாநிலங்களுள் இத்தகைய சட்டம் இயற்றியதில் சிலாங்கூரும் பினாங்கும் முன்னோடிகள். எனினும் அது மாநில இலாகாக்களையே கட்டுப்படுத்தும். போலீசோ கூட்டரசின் அதிகாரத்திற்கு உட்பட்டது. ஆகவே ஜார்ஜ் டவுன்வாசி ஒருவர் மாநில இலாகாவின் கோப்பைக் கேட்கலாம். தம் வட்டாரப் போலீஸ் நிலையத்தில் சென்ற மாதம் எத்தனை பேர் எக்காரணத்திற்காகப் பிடிக்கப்பட்டனர், அவர்களுள் எத்தனை பேர் வழக்கின்றி விடப்பட்டனர் என்று இச்சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது.

மற்றொன்று, 2010-ம் ஆண்டின் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஒருவர் குற்றம் செய்தார் என்பது மட்டுமன்று, செய்ததாகச் சொல்லப்படுகிறது என்ற செய்தியையும் மறைவாகக் காக்கத் தக்க தகவலென்று அச்சட்டம் வகுத்திருக்கிறது. சிறந்த விதிதான். ஆனால் அது வர்த்தக நிறுவனங்களையே கட்டும்; கூட்டரசு சர்க்காரையும் மாநில சர்க்கார்களையும் கட்டாது. பெரிய ஏட்டை வைத்திருப்பவருக்கு விதி இல்லை. சிறிய ஏட்டை வைத்திருப்பவருக்கு விதி உண்டு.

இதன் பயனாக, திறக்க வேண்டியது மூடியும், மூட வேண்டியது திறந்தும் கிடக்கின்றன. காவலில் நடப்பது வெளியே தெரிவதில்லை. 2009-ம் ஆண்டு சிலாங்கூரில் ஒரு தமிழ் இளைஞர் போலீஸ் காவலில் மாண்டார். அதற்குப் போலீசாரும் சர்க்காரும் பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் 2013-ல் தீர்ப்பளிக்க, நான்கு ஆண்டுகள் சென்றன. ஆனால் கைதானவன் விலங்குடன் மாஜிஸ்திரேட்டுக் கோர்ட்டில் இறங்கும் படமோ, அன்று மாலைக்குள் கைப்பேசிதோறும் வந்து சேர்ந்துவிடுகிறது.

நாம் தோட்ட ஆபீசில் கிராணி வேலை பார்ப்பவர். வேலை கேட்டு வருவோரைப் பற்றிய பேச்சு நம் மேசைக்கு வராமல் போகாது. செம்பனைக் குலை திருட்டில் சந்தேகத்தின்பேரில் பிடிபட்டு, நான்கு நாள் லாக்கப்பில் இருந்து, வழக்கேதுமின்றி விடப்பட்ட ஓர் இளைஞனை நாம் அறிவோம். அவனை விட்டதற்குப் பத்திரிகையில் ஒரு வரி வரவில்லை; பிடித்ததற்குப் படம் வந்தது. மூன்று தோட்டங்களில் அவனுக்கு வேலை மறுக்கப்பட்டது. ஒவ்வோர் இடத்திலும் எவரேனும் ஒருவர் கைப்பேசியை எடுத்து அப்படத்தைக் காட்டினர். தலைப்பாகையை இறக்கிக் கட்டிக்கொள்ளும் வசதியும் அவனுக்கு இல்லை.

தமிழ்நாட்டின் அனுபவம்

இவ்விஷயத்தில் இந்தியா வேறு வழியிற் சென்றது. காவல் சாவுகளைக் கண்டு மனம் வருந்திய உச்ச நீதிமன்றம், 1996-ம் ஆண்டு டிசம்பரில் டி. கே. பாசு வழக்கில், கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சி கையெழுத்து வாங்க வேண்டும் என்றும், கைதுச் செய்தியைப் போலீஸ் கட்டுப்பாட்டறையில் ஊரறிய ஒட்ட வேண்டும் என்றும் கட்டளையிட்டது. பின்னர் இது சட்டமாகவே ஆக்கப்பட்டு, கைதானவர் பெயரும் முகவரியும், கைது செய்த உத்தியோகஸ்தரின் பெயரும் பதவியும் அறிவிப்புப் பலகையில் இடம்பெறலாயின. 2024-ம் ஆண்டு ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய நடைமுறைச் சட்டமும் இதனைத் தொடர்கிறது. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்திற்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் விதித்தது. பாலியல் குற்றம், பயங்கரவாதம், சிறுவர் மீதான குற்றம் போன்றவற்றுக்கு விலக்கும் அளித்தது.

நோக்கம் மிக நன்று. பிடித்துக்கொண்டு போன மகனைத் தேடி நிலையம் நிலையமாக அலையும் தாய்க்கு அப்பலகை ஒரு துணை. ஆனால் பலகையில் ஒட்டிய காகிதம் மழையில் கரையும்; இணையத்தில் ஏறிய எழுத்து கரைவதில்லை. இதனால் எழுந்த வழக்கொன்று மதுரையில் நடந்தது. மேல்முறையீட்டில் குற்றமற்றவர் என்று விடுதலை பெற்ற ஒருவர், தம் பெயரைத் தேடுவோர்க்கெல்லாம் அப்பழைய வழக்கே முன்வந்து நிற்பதைக் கண்டு, தீர்ப்பிலிருந்து பெயரை நீக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தை வேண்டினார். 2021-ல் தனி நீதிபதி, அதற்கு இன்னும் சட்டம் இல்லை என்று மறுத்தார். 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அதனை மாற்றிப் பெயரை மறைக்க உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவ்வுத்தரவை நிறுத்தி வைத்து, இவ்வினாவைத் தானே ஆராய எடுத்துக்கொண்டது. நீதிபதிகளே மூன்று விதமாக நின்ற இவ்வினா எளியதன்று என்பது விளங்கும்.

பிற நாடுகளும் இதில் தடுமாறியே வழி கண்டன. 2022-ல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம், குற்றச்சாட்டுப் பதிவாகும் முன்னர் ஒருவர் விசாரணையில் இருக்கிறார் என்ற செய்தியில் அவருக்கு அந்தரங்க உரிமை உண்டெனக் கருத வேண்டும் என்றது. நம் அண்டை நாடும், பழைய நீரிணைக் குடியேற்றங்களில் பினாங்குக்கு உடன்பிறப்பும் ஆகிய சிங்கப்பூர், சிறு குற்றத்திற்குத் தண்டனை பெற்றவர் ஐந்தாண்டுகள் குற்றமின்றி வாழ்ந்தால் அப்பழைய தண்டனை கழிந்ததாகக் கொள்ளும் முறையை 2005-ல் கொண்டுவந்தது. தண்டனைக்கே கழிவு உண்டெனில், தண்டனையே இல்லாத கைதுக்குக் கழிவு இல்லையென்பது எவ்வளவு விந்தை!

பற்றும் வரவும்

ஒரு தடை எழுப்பப்படலாம். பெயரை மறைத்தால் ஊருக்கு ஆபத்து நேராதா என்று கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆனால் ஆபத்து, தீர்ப்பான குற்றத்தைப் பற்றியது. தீராத சந்தேகத்தைப் பற்றியதன்று. குழந்தைகளுக்குத் தீங்கிழைத்துத் தண்டனை பெற்றோரின் பெயரேட்டை 2016-ம் ஆண்டுத் திருத்தத்தினால் மலேசியா ஏற்படுத்தியுள்ளது. குழந்தைகளிடம் வேலைக்கு ஆள் வைப்போர் விண்ணப்பித்து அறிந்துகொள்ள முடியும். தேவைப்பட்டவருக்கு, தேவையான அளவு, தீர்ப்பான பிறகு என்னும் முறை அதில் உள்ளது. ஊரைக் காக்க இதுவே வழி; கைப்பேசியிற் பரவும் படமன்று.

மற்றொரு தடை: பெயரை மறைக்கும் உரிமையைப் பணக்காரரும் பதவியாளரும் தம் ஊழலை மறைக்கப் பயன்படுத்துவர் என்பது. இது மெய்யான அச்சம். ஆதலின் பதவியாளர் தம் பதவியைக் கொண்டு செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்திற்கு இம்மறைவு பொருந்தாது என்று வரம்பு கட்ட வேண்டும். பொதுக் காரியத்தை ஏற்றவரின் பொதுச் செயல், பொதுமக்களுக்கு உரியது. கூலிக்காரனின் கைது அத்தகையதன்று.

கணக்கு எழுதும் தொழிலில் நாம் கற்றது ஒன்றுண்டு. பற்று எழுதி வரவு எழுதாத பேரேட்டை எந்தத் துரையும் ஒப்புக்கொள்ளார். கைதுப் பதிவேடு இன்று அத்தகைய பேரேடாகவே இருக்கிறது. பிடித்த நாள் எழுதப்படுகிறது. விட்ட நாள் எழுதப்படுவதில்லை. சந்தேகம் பெரிய எழுத்தில் அச்சாகிறது. விடுதலை அச்சாவதே இல்லை. ஐந்தொகை எடுக்காத இக்கணக்கை வைத்துக்கொண்டு ஒரு மனிதனின் மதிப்பை நாம் தீர்மானிக்கிறோம்.

ஆகவே நாம் வேண்டுவன இவை. கைதான நேரம், இடம், காரணம், கைது செய்த உத்தியோகஸ்தர் ஆகியவை குடும்பத்தாருக்கும் வழக்கறிஞருக்கும் உடனே தெரிய வேண்டும். நிலையந்தோறும் எத்தனை கைது, எத்தனை வழக்கு, எத்தனை விடுதலை, காவலில் எத்தனை பேருக்கு நோயும் சாவும் நேர்ந்தன என்னும் எண்ணிக்கை எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். கைதானவரின் பெயரும் படமும், திறந்த நியாயஸ்தலத்தில் குற்றச்சாட்டு வாசிக்கப்படும் வரை வெளிவரலாகாது. சிறுவர் பெயர் எப்பொழுதும் வரலாகாது. கைதைப் பிரசுரித்த பத்திரிகை விடுதலையையும் அதே இடத்தில், அதே அளவில் பிரசுரிக்க வேண்டும். வழக்கின்றி விடப்பட்டவரின் பெயரை இணையத் தேடலிலிருந்து நீக்கச் சட்டம் வேண்டும். மூல ஏட்டை மட்டும் அழிக்காமல் ஆவணக் காப்பகத்தில் வைத்து, அம்மனிதரின் காலம் கழிந்த பின் சரித்திரத்திற்குத் திறந்துவிட வேண்டும். இல்லையேல் நாளைய துரைசாமிகளை எவரும் அறியார்.

சுருங்கக் கூறின், போலீசாரின் செயல் இன்றே ஊருக்கு உரியது. கைதானவரின் பெயர் தீர்ப்பு வரும் வரை அவருக்கே உரியது. ஏடு முழுதும் இறுதியில் சரித்திரத்திற்கு உரியது.

சட்டம் வரும் வரை நம் கையில் இருப்பதும் சிறிதன்று. தோட்டத்தில் ஒருவர் கைதானால் நேரத்தையும் நிலையத்தையும் உத்தியோகஸ்தரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், குடும்பத்தாருக்குச் சொல்லுங்கள், வழக்கறிஞருக்கு ஆள் அனுப்புங்கள். அப்படம் உங்கள் கைப்பேசிக்கு வந்தால் அதை மற்றவருக்கு அனுப்பாது விடுங்கள். அவர் விடுதலையாகி வந்தால், பிடித்த செய்தியை லயமெல்லாம் சொன்ன அதே வாயால் விட்ட செய்தியையும் சொல்லுங்கள். பிறர் நெற்றியில் எழுதும் ஊசியைக் கம்பெனியார் 1849-ல் கீழே வைத்தனர். அதை நாம் எடுத்துக்கொள்ள வேண்டுவதில்லை.